சம்பந்தி வீட்டுத் தொடைக்கறி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், விடிந்ததிலிருந்து ஜாஃபர் சாதிக் ஃபிரிட்ஜைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். திறந்தால் அது இருந்தது. மூடினால் இருக்கிறது என்பது நினைவில் இருந்தது. கீழ்த்தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, முட்டி எலும்பு வெளியே துருத்திக்கொண்டு, ஒரு முழு ஆட்டுத் தொடை.

"அது எங்கயும் ஓடிறாதுங்க," என்றாள் அவன் மனைவி ஷமீரா, டீயை நீட்டியபடி. "ஓடுறதுக்கு இன்னும் மூணு காலு வேணும்."

அவன் சிரிக்கவில்லை. டீயை வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலேயே வைத்துவிட்டு மறந்தான். வாசல் வரை போனான். திரும்பி வந்து மறுபடி திறந்து பார்த்தான்.

தொடை மன்னார்குடியிலிருந்து வந்தது. ஷமீராவின் தங்கை ஆசியாவை மன்னார்குடி ஜவுளிக்கடை ஹமீதா பானுவின் மகன் யூனுஸுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த வருடத்துப் பெருநாளில் மாப்பிள்ளை வீட்டார் தாங்கள் அறுத்த குர்பானி ஆட்டின் ஒரு தொடையைத் துண்டு போடாமல் பெண் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அனுப்புகிறவர்களின் பெருமைக்குத் தக்கபடி தொடை பெருக்கும். ஹமீதா பானு அனுப்பிய தொடைக்கு ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை.

வந்ததைப் பெண் வீட்டில் துண்டு போட்டு, அக்கம்பக்கம் கொஞ்சம் கொடுத்து, மீதியை ஆணம் என்கிற குழம்பாகக் காய்ச்சிச் சாப்பிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் தொடைக்குப் பின்னாலேயே ஹமீதா பானுவின் போனும் வந்தது.

"தொடைய வெட்டிறாதீங்க! நாளைக்கு மதியம் நாங்களே வர்றோம். உங்க மூத்த மருமவன் துபாய்ல ஷெஃப்புன்னு சொன்னீங்கள்ல? அவரு கையால முழுத்தொடைய அந்த ஓட்டல்ல செய்யிற மாதிரி செஞ்சு போடச் சொல்லுங்க. யூனுஸும் லீவுல வந்திருக்கான். அவனும் துபாய்ல வேற ஒரு ஓட்டல்ல மேனேஜரு, இந்த மாதிரி சாப்பாடுதான் அவனுக்குப் பழக்கம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்த ஜெக்கரியா, அதாவது ஜாஃபரின் மாமனார், தன் தேங்காய் மண்டி முழுக்கக் கேட்கும்படி, "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு!" என்றார்.

ஜாஃபர் சாதிக் ஷெஃப் இல்லை. அந்தத் துபாய் ஓட்டலில் அவன் வண்டி தள்ளினான். சமையலறையில் ஆக்கி முடித்ததை ஆறாமல் வைக்கிற உயரமான இரும்பு வண்டி ஒன்று உண்டு. அதைச் சமையலறை வாசலிலிருந்து விருந்து நடக்கும் ஹாலின் பின்வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும். காலி வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதுதான் உத்தியோகம்.

அவனாகப் பொய் சொன்னதும் இல்லை. மாப்பிள்ளை கேட்டு வந்த தரகர், "பையனுக்கு எங்க வேலை?" என்றார். "ஓட்டல்ல," என்றார்கள். "சமையல் பக்கமா?" என்றார். சமையல் பக்கம்தான், வாசல் வரைக்கும். அதை எப்படிச் சொல்வது என்று ஜாஃபர் யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யோசனையைத் தரகர் ஜெக்கரியாவின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தபோது அது ஷெஃப் ஆகியிருந்தது. ஜெக்கரியா அதை மண்டிக்குக் கொண்டுபோனார். அங்கே தேங்காய் எண்ணுகிறவர்கள் முதல் லாரி டிரைவர்கள் வரை கேட்க, ஓட்டலுக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு நட்சத்திரம் கூடியது.

அதிராம்பட்டினத்தில் கல்யாணமான ஆண், பெண் வீட்டில்தான் குடியிருக்கிறான். காண்ட்ராக்ட் முடிந்து ஜாஃபர் ஊருக்கு வந்து ஆறேழு மாதமாகிறது. அடுத்த விசா வருவதாகத் தெரியவில்லை. சொந்த வீடு இல்லை, கையில் தொழில் இல்லை, மண்டியில் உட்காரச் சொல்லி மாமனாரும் கூப்பிடவில்லை. "ஷெஃப்பு போயி தேங்கா எண்ணுறதா?" என்று அவரே மறுத்துவிட்டார். அந்த வீட்டில் அவனுக்கென்று போட்டிருந்த ஒரே நாற்காலி அந்தப் பட்டம்தான். இன்று மதியம் அது உடைந்தால், நாளை முதல் எந்த முகத்தோடு இந்தக் கூடத்தில் உட்கார்ந்து தோசை தின்பது?

அவனுக்குத் தெரிந்த சமையல் ஒன்றே ஒன்று. அதையும் கண்ணால் மட்டுமே தெரியும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற தாழ்வாரத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பெரிய தொடை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். மேலே கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தியிருந்தது. வெல்லப்பாகு மாதிரி ஒன்றைப் பிரஷ்ஷால் பூசி அடுப்புக்குள் தள்ளினார். ஜாஃபர் ஹாலுக்குப் போய்த் திரும்பினான். அவர் வெளியே எடுத்து மறுபடி பூசினார். ஜாஃபர் இன்னொரு நடை போய் வந்தான். மூன்றாவது நடையில் அது புளி போட்டுத் துலக்கிய செம்புப் பானை மாதிரி மின்னியது. அவன் முகமே அதில் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டி, "என்ன கறி பாய் இது?" என்று கேட்டான். அவர் சொன்னார். அது பன்றித் தொடை.

"நவூதுபில்லாஹ்!" என்று ஜாஃபர் வண்டியைத் தள்ளிய வேகத்தில் மேல்தட்டு சூப் பாதி கொட்டிவிட்டது. கை தொடவில்லை, வாய் தொடவில்லை. ஆனால் கண்ணை என்ன செய்வது? அந்த மினுமினுப்பு ஒட்டிக்கொண்டது. அன்று இரவு போனில் ஷமீரா, "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டபோது, அவன் வாயிலிருந்து கட்டம், கிராம்பு, பாகு எல்லாம் வரிசையாக வந்தன. பிராணியின் பெயர் மட்டும் வரவில்லை. ஷமீரா உம்மாவிடம் சொன்னாள். உம்மா வாப்பாவிடம் சொன்னாள். வாப்பா சொல்லாத ஆள் இல்லை.

ஆகவே மருமகன் செய்து காட்ட வேண்டியது என்ன என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காலை ஒன்பது மணிக்குத் தொடையைச் சமையல்கட்டு மேடையில் கிடத்தி, கத்தியைக் கையில் எடுத்தான். மாமியார் ஆமினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கத்தியை அவன் பிடித்திருந்த விதத்தை ஒருமுறை பார்த்தார்.

"மாப்ள, இஞ்சி பூண்டு அரைச்சுத் தரவா?"

"வேணாம் மாமி."

"மஞ்சத்தூளு?"

"வேணாம்."

"மொளகாத்தூளாச்சும்?"

"அதெல்லாம் போட்டா ஷைனிங் வராது மாமி."

"ஷைனிங்தானே வேணும்? பாத்திரம் வெளக்குற பவுடர் இருக்கு, எடுத்துத் தரவா?"

உள்ளே ஆசியா களுக்கென்று சிரித்தாள். ஜாஃபர் கீற ஆரம்பித்தான். அங்கே பார்த்த தொடைக்கு மேலே வெள்ளையாய்ப் பட்டையாய்க் கொழுப்பு இருந்தது, கத்தி கோடு போட்ட மாதிரி இறங்கியது. மன்னார்குடி ஆட்டுக்கு அப்படி ஒரு மேல்பூச்சு கிடையாது. கத்தி வழுக்கியது. கட்டங்கள் கோணின. எப்படியோ கோணிய கட்டத்துக்கெல்லாம் ஒரு கிராம்பு குத்தி முடித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டுக்கு அம்மை போட்டிருந்தது போல் இருந்தது.

பாகுக்கு வெல்லம் தட்டிப் போட்டு, அன்னாசிப்பழச் சாறு ஊற்றி, கடுகை அரைத்துக் கலந்தான்.

"கறி மேல வெல்லமா?" என்றார் ஆமினா. "ரெண்டு முட்டையும் ஒடச்சு ஊத்துங்க மாப்ள, இனிப்புக்கு வட்டலாப்பமாவது தேறும்."

"உம்மா, சும்மா இருங்களேன்," என்று ஷமீரா அதட்டினாள். ஆனால் அவளும் புருஷனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். பாகு பொங்கி அடுப்பில் வழிந்தபோது அவன் அடுப்பை அணைக்காமல் ஊதினான். அவள் வந்து அடுப்பை அணைத்தாள். "ஓட்டல்ல கேஸை ஊதித்தான் அணைப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் பெயிண்ட் பிரஷ்ஷைத் தேடினான். புது பிரஷ்தான். காலையில் ஹார்டுவேர் கடையைத் தட்டித் திறக்கவைத்து வாங்கியது.

வீட்டு ஓவனுக்குள் தொடை போகவில்லை. நேராக வைத்தால் கதவு மூடவில்லை, குறுக்கே வைத்தால் உள்ளேயே நுழையவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் தட்டை வைத்து, பூத்துண்டால் மூடி, பாகுப் பாத்திரத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கடைத்தெரு பேக்கரிக்குப் போனான். வழியில் மூன்று பேர், "என்ன ஷெஃப்பு, தொடை கெளம்பிருச்சா?" என்று கேட்டார்கள். விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. மாமனார் மண்டி அப்படி.

பேக்கரிக்காரர் ரெத்தினம் பன்களை எடுத்துவிட்டு அடுப்பைக் காலியாக வைத்திருந்தார்.

"உள்ள தீ கொதிக்குது தம்பி. பன்னு பத்து நிமிசத்துல செவந்துரும். ஒன்னோடது எவ்ளோ நேரம்?"

"அரைமணி நேரம்ண்ணே."

"இத்தாந் தண்டி கறி அரைமணியிலயா?"

"இது ஓட்டல் ஸ்டைல்ண்ணே. நான் கண்ணால பாத்தது." நாக்கைக் கடித்துக்கொண்டான். "கையால செஞ்சது."

"எனக்கென்ன தெரியும், நான் கறி திங்கிறதோட சரி," என்று ரெத்தினம் கதவைத் திறந்தார்.

ஜாஃபர் பூசினான். உள்ளே தள்ளினான். எடுத்தான். பூசினான். நிற்க முடியாமல் பேக்கரி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தான். தாழ்வாரத்தில் வண்டி தள்ளிய அதே நடைதான் இது என்று அவனுக்குத் தோன்றவில்லை, கால்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஒருமுறை மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் தொடையை எடுத்தபோது அது ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது. அப்போதே நிறம் வேறு மாதிரி இருந்தது. ஏன்? யோசிப்பதற்குள் ரெத்தினம், "தம்பி, வந்து பாரு!" என்று கூவினார்.

வந்துவிட்டது. அதே மினுமினுப்பு. கோணல் கட்டங்களைக்கூடப் பாகு மூடிவிட்டிருந்தது. பேக்கரிப் பையன்கள் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜாஃபர் குனிந்து பார்த்தான். அவன் முகம் தெரிந்தது.

'இவ்வளவுதானா? இதைச் செய்யத் தெரிந்தவன் ஷெஃப் இல்லாமல் வேறு என்ன?' என்று ஸ்கூட்டரில் வரும்போது தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

மன்னார்குடிக் கார் வர நேரமாயிற்று. மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று கடைசி நேரத்தில் வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்த பொக்லைன் ஒன்று சாலையை அடைத்து நின்றதாம். அந்த நேரம் முழுவதும் தொடை கூடத்து நடுவில், ஜெக்கரியாவின் உத்தரவுப்படி, மின்விசிறிக்குக் கீழே காட்சிக்கு இருந்தது. அவர் வாசலில் போகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் காட்டினார். "தொடாதீங்க. பாக்க மட்டுந்தான்."

ஹமீதா பானு வந்து இறங்கினார். பட்டு புர்கா, கையில் ஹேண்ட்பேக், பின்னால் கூச்சத்தோடு யூனுஸ். அவனுடைய வாப்பா மலேசியாவில். அதனால் பேச்செல்லாம் உம்மாவே. தொடையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் அந்த வாயும் நின்றது.

"நான் அனுப்புனதா இது?" என்றார். "அடையாளமே தெரியலயே! யூனுஸு, பாத்தியாடா?"

யூனுஸ் பார்த்தான். கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தான். பெண்கள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனதும், ஜாஃபரின் காதருகே வந்து, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

"காக்கா, தப்பா நெனக்காதீங்க. துபாய்ல கிறிஸ்துமஸ் அப்ப இதே டிசைனு பாத்திருக்கேன். ஆனா அது ஆடு இல்ல."

ஜாஃபர் தொடைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றான். "ஆட்டுக்குத்தான் மொதல்ல இந்த டிசைன் இருந்துச்சு," என்றான். "அவங்கதான் அதுக்கு எடுத்துக்கிட்டாங்க."

"ஓஹோ," என்றான் யூனுஸ். அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கே நின்று பார்த்தான் என்று ஜாஃபரும் கேட்கவில்லை.

சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் அகலமான வட்டத் தாம்பாளம். அதில் நெய்ச்சோற்றைக் கொட்டி மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். நல்ல கறித்துண்டு தன் பக்கம் வந்தால் எடுத்துத் தின்றுவிடக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். அதுதான் மரியாதை. ஜெக்கரியா, யூனுஸ், ஜாஃபர் மூவரும் சுற்றி உட்கார, சோற்று மலை மேல் தொடை ஏற்றப்பட்டது. பெண்கள் பக்கத்துக்கு ஷமீரா இன்னொரு சஹனோடு காத்திருந்தாள்.

"பிஸ்மில்லாஹ் சொல்லி வெட்டுங்க மாப்ள," என்றார் ஜெக்கரியா.

ஜாஃபர் வெட்டினான். முதலில் பாகு கண்ணாடி மாதிரி சடசடத்தது. ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறம். நல்லது. அடுத்து இளஞ்சிவப்பு. அவன் கத்தியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்து சிவப்பு. அதற்கும் கீழே, குர்பானி கொடுத்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படி. நெய்ச்சோற்றில் ஒரு ரோஸ் நிறக் கால்வாய் மெதுவாக இறங்கி ஜெக்கரியாவின் பக்கம் பாய்ந்தது.

அந்தப் பிளாஸ்டிக் உறை இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அங்கே அது உப்பில் ஊறி, புகையில் கிடந்து, முழுக்க வெந்தே வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸ்காரர் செய்தது மினுக்கும் வேலை மட்டும். ஜாஃபர் சாதிக் ஒரு சமையலின் கடைசி அரைமணியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

யூனுஸ் தன் பக்கத்துச் சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"மாப்ள," என்றார் ஜெக்கரியா. "இது..."

"மீடியம் ரேர் மாமா." எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. பாதி வெந்த கறிக்கு மெனு கார்டில் போட்டிருந்த வார்த்தை.

ஜெக்கரியா ஒரு கணம் கால்வாயைப் பார்த்தார். மண்டியில் எத்தனை பேரிடம் எத்தனை நட்சத்திரம் சொல்லியிருக்கிறார். "ஆங், மீடியம்!" என்றார். "அதான பாத்தேன். தெரியும், தெரியும்."

"என்னவாம்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஹமீதா பானுவின் குரல்.

"மீடியம் ரேராம் உம்மா," என்றான் யூனுஸ்.

"அட! அதுதான வெலை ஜாஸ்தி! எங்க யூனுஸு தெனமும் அங்க அதத்தான் சாப்புடுறான். சாப்புடுடா, கூச்சப்படாத!"

யூனுஸ் தண்ணீர் டம்ளரை எடுத்தான்.

ஜாஃபர் நல்ல பெரிய துண்டாக ஒன்றை வெட்டி, விருந்தாளி என்ற முறையில் யூனுஸ் பக்கம் வைத்தான். யூனுஸ் அதைப் பார்த்தான். பிறகு மிகுந்த பணிவோடு, "பெரியவங்க மொதல்ல," என்று ஜெக்கரியாவின் பக்கம் தள்ளினான். ஜெக்கரியா முகத்தில் பெருந்தன்மை பொங்கியது. "உழைச்சவருக்குத்தான் மொத உரிமை," என்று மருமகன் பக்கம் தள்ளினார். ஜாஃபர், "விருந்தாளி இருக்கையில நானா?" என்று மறுபடி யூனுஸ் பக்கம். துண்டு சோற்று மலையைச் சுற்றிக் கிரிவலம் வந்தது. போகிற வழியெல்லாம் ஒரு ரோஸ் கோடு இழுத்துக்கொண்டே போனது. அப்படி ஒரு மரியாதையை அந்தக் கூடம் அதுவரை கண்டதில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் ஹமீதா பானு. "அவ்வளவு ருசியா?"

"ருசின்னா ருசி!" என்றார் ஜெக்கரியா, வெறும் சோற்றை மென்றுகொண்டு. அதையும் தன் பக்கத்து ஓரத்திலிருந்து, கால்வாய் வராத மேட்டிலிருந்து எடுத்திருந்தார்.

நாலாவது சுற்றில் துண்டு ஜாஃபர் முன்னால் வந்து நின்றது. மற்ற இருவரும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்கள். இனித் தள்ள இடமில்லை. எடுத்து வாயில் போட்டான். முதலில் தித்தித்தது. பிறகு கடுகு உறைத்தது. பிறகு பற்களுக்கு நடுவே அது அப்படியே இருந்தது. மென்றான். இன்னும் மென்றான். கண்ணில் நீர் வந்தது. "பாருங்க, தான் செஞ்சத தானே ரசிச்சு அழுவுறாரு," என்று ஜெக்கரியா திரைப் பக்கம் சொன்னார். ஜாஃபருக்கு எழுந்து கடல் பக்கமாக ஓடிவிடலாமா என்றிருந்தது. வாயில் உள்ளதோடு ஓட முடியாது என்பதால் உட்கார்ந்திருந்தான்.

திரை விலகியது. ஆமினா வாசல்வரை வந்து நின்றார். சஹனை எட்டிப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், மருமகனின் கன்னம் ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே ஆறிப்போச்சுங்க," என்றார். "கொஞ்சம் சூடு பண்ணிட்டு வர்றேன். சோறும் வேற மாத்திர்றேன்."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஜோடிக் கைகள் சஹனைத் தூக்கி நீட்டின.

சமையல்கட்டில் அரிவாள் பலகையில் இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ வெங்காயம் வதக்கினார்கள். இஞ்சி பூண்டு வாசனை கூடம் வரை வந்தது. அப்புறம் குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது.

"உள்ள என்ன விசிலு?" என்றார் ஹமீதா பானு.

"அது சாஸு மாமி," என்றாள் ஷமீரா. "ஓட்டல் சாஸு."

விசில் அடிக்க அடிக்க ஜெக்கரியா துபாயைப் பற்றிப் பேசினார். யூனுஸ் செல்போனைப் பார்த்தான். ஜாஃபர் வாயில் இருந்ததை யாரும் பார்க்காத நேரத்தில் கைக்குட்டைக்கு மாற்றினான்.

திரும்பி வந்தது தொடை இல்லை. செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்க, கிராம்பு அங்கங்கே தலைகாட்ட, கறி ஆணம் வந்தது. வெல்லமும் அன்னாசியும் உள்ளே எங்கோ போய் ஒளிந்துகொண்டு, காரத்துக்குப் பின்னால் லேசாக ஒரு தித்திப்பு. மூன்று பேரும் மரியாதையை மறந்து அவரவர் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். திரைக்குப் பின்னாலும் சத்தமில்லை. இந்த முறை உண்மையாகவே சாப்பிடும் சத்தமின்மை.

"இந்த ருசி இந்தப் பக்கத்துலயே கெடையாது," என்று ஹமீதா பானு ஏப்பத்தோடு தீர்ப்புச் சொன்னார். "மொதல்ல ஷைனிங் காட்டி, அப்பறம் மீடியம் காட்டி, அப்பறந்தான் சாஸுல போடுறது. எவ்ளோ ஸ்டெப்பு பாத்தியா ஆசியா! நான் ஒண்ணு சொல்றேன். நிக்காஹ் விருந்துக்கும் தம்பிதான் ஆக்கணும். மன்னார்குடியே வரப்போவுது. பண்டாரி கிண்டாரியெல்லாம் வேணாம்."

"வாய் தொறந்து கேட்டுட்டீங்க!" என்றார் ஜெக்கரியா. விருந்துச் சமையலுக்குப் பேசிவைத்திருந்த பண்டாரியின் நம்பரை அப்போதே தேட ஆரம்பித்தார். "இப்பவே வேணாம்னு சொல்லிர்றேன்."

ஒரு தொடைக்கே இந்தப் பாடு. மன்னார்குடி முழுவதும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் துண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும் காட்சி ஜாஃபர் கண்முன் வந்தது. எழுந்துவிட்டான்.

"மாமா, போன வைங்க."

"ஏன் மாப்ள?"

"நான் ஷெஃப் இல்ல மாமா. வண்டி தள்ளுனேன். அடுப்படிலேருந்து ஹாலுக்கு வண்டி தள்ளுற வேலை. எனக்குச் சமைக்கத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது. காலையிலிருந்து முதல் முறையாகக் கால்கள் ஓர் இடத்தில் நின்றன. வருவது வரட்டும் என்று காத்திருந்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹமீதா பானு கடகடவென்று சிரித்தார்.

"பாத்தீங்களா அடக்கத்த! பெரிய எடத்துல இருக்குறவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க. எங்க யூனுஸும் அப்படித்தான். மேனேஜரா இருந்துக்கிட்டு, என்ன வேலைடான்னு கேட்டா, 'சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற வேலைதாம்மா'ம்பான்!"

யூனுஸுக்குப் புரை ஏறியது.

"அல்லாஹ் எம் மருமவனுக்குக் குடுத்ததுலயே பெருசு இந்தத் தன்னடக்கந்தான்," என்று ஜெக்கரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பண்டாரி போனை எடுத்துவிட்டார். "ஆங், நாந்தான். நிக்காஹ்வுக்கு நீங்க வர வேணாம். நம்ம வீட்லயே ஆளு இருக்கு."

"மாமா, நான் நெசமாத்தான்—"

"ஒக்காருங்க மாப்ள, ஒக்காருங்க. எல்லாம் எங்களுக்குத் தெரியும்."

காரில் ஏறும்போது யூனுஸ் கைகொடுத்தான். கையை விடவில்லை.

"காக்கா, ஒங்க வண்டிக்கு நாலு சக்கரமா, ஆறா?"

"ஆறு."

"எங்களதுல ஒண்ணு எப்பவும் கீச்சு கீச்சுன்னு கத்தும்," என்றான் யூனுஸ். உம்மா கூப்பிட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மேனேஜராகக் காரில் ஏறிப் போனான்.

ஜாஃபர் உள்ளே வந்தான். சமையல்கட்டில் ஆமினா பெரிய கூடை நிறைய வெங்காயத்தைக் கொட்டி வைத்து, பக்கத்தில் ஒரு மணைப்பலகையும் போட்டிருந்தார். ஷமீரா கத்தியோடு நின்றாள். முகத்தில் சிரிப்பா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

"ஒக்காருங்க," என்றார் ஆமினா. "நிக்காஹ்வுக்கு ரெண்டு மாசம் இருக்கு. வெங்காயத்துலேருந்து ஆரம்பிப்போம்."

"மாமி, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலைலேருந்து ஃபிரிட்ஜத் தொறந்து தொறந்து பாத்தீங்க. ஒரு தடவயாச்சும் அடுப்பப் பாத்தீங்களா?"

ஷமீரா கத்தியை நீட்டினாள். "ஊதாதீங்க," என்றாள். "உரிங்க."

வாசலில் ஜெக்கரியா தெருவில் போன யாரையோ நிறுத்தியிருந்தார். "...அவ்ளோ பெரிய ஷெஃப்பு, என்ன சொன்னாரு தெரியுமா? வண்டி தள்ளுனேங்கிறாரு! அதுவும் எந்த ஓட்டலு? பத்து நட்சத்திரம்!"

ஜாஃபர் மணையில் உட்கார்ந்து முதல் வெங்காயத்தைக் கையில் எடுத்தான். உரிக்க ஆரம்பிக்கும் முன்பே கண் கரித்தது.